இரவல் எதிர்ப்பும் சொந்த எதிர்ப்பும்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். அங்கே வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும். பானைக்குள் பாம்பு. இருளர் ஒருவர் கொக்கியால் பாம்பை மெல்லத் தூக்குகிறார். தலையைப் பின்னாலிருந்து விரல்களால் பிடித்து, மெல்லிய சவ்வை இழுத்துக் கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் அதன் மேல்தாடையைப் பதிக்கிறார். விஷப்பல் சவ்வைத் துளைக்கிறது. வெளிர்மஞ்சள் துளிகள் குவளையின் அடியில் சேர்கின்றன. கண்ணாடி விரியன் தாராளமாகத் தரும். சுருட்டை விரியனிடம் கிடைப்பது மிகக் கொஞ்சம்தான்.

பாம்புத் தோல் வியாபாரத்தை நம்பிப் பிழைத்தவர்கள் இருளர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும், அடுத்து வந்த ஏற்றுமதித் தடையாலும் அந்தப் பிழைப்பு போனது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் இந்தச் சங்கம் உருவானது. பிடித்த பாம்பைச் சில வாரங்கள் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷமும் உறையவைத்து உலர்த்தப்பட்டு, பொடியாக மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. பல மாதங்கள் கழித்து அதே விஷம் மருந்துக் குப்பியாகத் திரும்பி வந்து ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியில் அமர்கிறது. இடையில் அதற்கு நடப்பது என்ன என்பதுதான் இந்த உரை.

பொடியைக் கரைத்துக் குதிரைக்குப் போடுகிறார்கள். முதலில் மிகச் சிறிய அளவு, பிறகு படிப்படியாகக் கூட்டி, மாதக்கணக்கில். குதிரை சாவதில்லை. அதன் உடல் விஷத்தை அடையாளம் கண்டு, அதைப் பிடித்து மடக்கும் புரதத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. அந்தப் புரதத்துக்குத்தான் எதிர்ப்பொருள் என்று பெயர். ஆன்டிபாடி என்று கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டதும் இதுவே. போதுமான அளவு சேர்ந்ததும் குதிரையின் ரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்துக்கொண்டு, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திரும்ப ஏற்றிவிடுகிறார்கள். பிளாஸ்மாவில் இருக்கும் எதிர்ப்பொருள் சுத்திகரிக்கப்பட்டுக் குப்பியில் அடைக்கப்படுகிறது. ஆக, விஷமுறிவு மருந்து என்பது ஓர் உயிர் உண்டாக்கிய எதிர்ப்பு. அதை வாங்கி இன்னோர் உயிருக்கு இரவலாகக் கொடுக்கிறோம்.

இப்படி இரவல் கொடுக்க முடியும் என்று கண்டறிந்தது 1890இல், பெர்லினில், ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில். ஜெர்மானியரான எமில் ஃபான் பெரிங்கும் ஜப்பானியரான ஷிபாசாபுரோ கிடசாட்டோவும் ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், நோயின் கிருமியைக் கொண்டு முயல்களுக்கு எதிர்ப்பாற்றல் உண்டாக்கினார்கள். அப்படிப் பழகிய முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீரை, அதாவது சீரத்தை, எலிகளுக்குப் போட்டார்கள். பிறகு சாதாரண எலியைக் கொன்றுவிடக்கூடிய ரணஜன்னியை அந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகள் பிழைத்தன. எதிர்க்கும் ஆற்றல் ரத்தத்தில் கரைந்திருக்கும் ஏதோ ஒரு பொருளில் இருக்கிறது, அந்தப் பொருளை எடுத்து இன்னோர் உடலுக்கு மாற்ற முடியும் என்பது அன்று உறுதியானது. குழந்தைகளின் தொண்டையில் சவ்வு படர்ந்து மூச்சை அடைத்துக் கொன்ற டிப்தீரியாவுக்கு, தொண்டை அடைப்பான் என்று நம் பக்கம் சொல்வார்களே அந்த நோய்க்கு, இதே முறையில் குதிரைச் சீரம் வந்தது. பாரிஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் டிப்தீரியாச் சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 1894இல் பிரெஞ்சு ஆய்வாளர் எமில் ரூ அறிவித்தார். 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்குப் போனது. கிடசாட்டோவுக்குப் பங்கு தராதது அநியாயம்தான். ரணஜன்னிக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவரே அவர்.

பாம்பு விஷத்துக்கு இந்தச் சீர முறையைப் பயன்படுத்தியவர் ஆல்பெர்ட் கால்மெட். பிரெஞ்சு மருத்துவரான இவர் சைகோன் நகரில் பணியாற்றியபோது, வெள்ளத்தில் நாகங்கள் ஊருக்குள் புகுந்து பலரைக் கடித்த நிகழ்ச்சி அவரை இந்த ஆராய்ச்சிக்கு இழுத்தது. 1894இல் நாக விஷத்துக்கு எதிரான சீரத்தை அவர் அறிவித்தார். அந்த ஒரே சீரம் எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்றும் நம்பினார். பிரேசிலில் வித்தால் பிரசீல் என்ற மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்தார். அங்குள்ள பாம்புகளிடம் கால்மெட்டின் சீரம் பலிக்கவில்லை. எந்தப் பாம்பின் விஷத்தைக் கொடுத்தோமோ அந்தப் பாம்புக்கே சீரம் வேலை செய்யும் என்று அவர் நிறுவினார். எதிர்ப்பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முதன்மையானது இந்தக் குணம். அது பொதுக் காவல்காரன் இல்லை. ஒரே ஓர் ஆளை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்திருப்பது.

அந்த அடையாளம் எங்கே இருக்கிறது? எதிர்ப்பொருள் ஆங்கில ஒய் எழுத்து வடிவம் கொண்டது. இரண்டு நீளமான சங்கிலிகள், இரண்டு குட்டையான சங்கிலிகள், ஆக நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. இந்த அமைப்பைத் தனித்தனியே ஆராய்ந்து கண்டறிந்த ரோட்னி போர்ட்டருக்கும் ஜெரால்டு எடெல்மனுக்கும் 1972இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு கைகளின் நுனியில் உள்ள பள்ளம்தான் விஷத்தையோ கிருமியையோ கவ்வும் இடம். எதிர்ப்பொருளுக்கு எதிர்ப்பொருள் மாறுவது அந்த நுனி மட்டுமே. கீழே இருக்கும் தண்டு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கை பிடித்துக்கொள்கிறது. தண்டு, பக்கத்தில் இருக்கும் விழுங்கணுக்களை அழைத்து, பிடிபட்டதை விழுங்கச் சொல்கிறது. கிருமியென்றால் இந்த இரண்டாவது வேலையும் அவசியம். விஷமென்றால் கை பிடித்தாலே பெரும்பாலும் போதும். பிடிபட்ட விஷ மூலக்கூறு நரம்பிலோ ரத்தத்திலோ தன் வேலையைச் செய்ய முடியாது. எனவே இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்தில் குதிரை எதிர்ப்பொருளின் தண்டைப் பெப்சின் நொதியால் வெட்டி நீக்கிவிட்டு, கைகளை மட்டும் குப்பியில் வைக்கிறார்கள். குதிரைப் புரதம் நம் உடலில் உண்டாக்கும் தொந்தரவு அதனால் கொஞ்சம் குறைகிறது.

குப்பியின் அட்டையில் ஒரு கணக்கு அச்சிட்டிருக்கும். மருந்து ஒரு மில்லி என்றால் நல்ல பாம்பு விஷத்திலும் கண்ணாடி விரியன் விஷத்திலும் 0.6 மில்லிகிராமை முறிக்கும்; கட்டுவிரியன், சுருட்டை விரியன் விஷத்தில் 0.45 மில்லிகிராமை முறிக்கும். எதிர்ப்பொருள் இப்படி ஆளுக்கு ஆள் பிடித்து மடக்கும் கணக்கில்தான் வேலை செய்கிறது. விஷம் ஏறியதற்கான அறிகுறி தெரிந்தால் முதல் தவணையே எட்டு முதல் பத்துக் குப்பி. ஐந்து வயதுக் குழந்தைக்கும் அதே அளவு. மற்ற மருந்துகளைப் போல எடைக்கு எடை குறைப்பதில்லை. முறிக்க வேண்டியது உள்ளே போன விஷத்தை. குழந்தையென்று பார்த்துப் பாம்பு குறைத்துச் செலுத்துவதில்லை.

கண்ணாடி விரியன் விஷம் ஏறினால் ரத்தம் உறையும் தன்மையை இழக்கும். அதைக் கண்டுபிடிக்க அரசு மருத்துவமனைகளில் செய்யும் சோதனை மிக எளிமையானது. சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிச் சோதனைக்குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டு, குழாயைச் சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாகி அப்படியே நின்றால் நல்லது. தண்ணீர்போல ஓடினால் விஷமுறிவு மருந்து உடனே வேண்டும்.

கட்டுவிரியன் கதை வேறு. அது இரவில், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ அதிகம் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார்கள். கண்ணிமை தானாகக் கீழே விழும். பிறகு மூச்சுத் தசைகள் சோர்ந்துபோகும். இந்த விஷத்தில் உள்ள ஒரு நச்சு நரம்பின் முனைக்குள்ளேயே புகுந்து அதைச் சிதைப்பது. எதிர்ப்பொருளால் ரத்தத்தில் மிதக்கும் விஷத்தைத்தான் பிடிக்க முடியும். நரம்பு முனை சிதைந்த பிறகு எத்தனை குப்பி ஏற்றினாலும் சிதைந்ததைச் சரிசெய்யாது. புது முனை வளரும்வரை, நாட்கணக்கில், செயற்கைச் சுவாசக் கருவிதான் ஆளைத் தாங்க வேண்டும். கடிபட்டவரை வேப்பிலை அடிக்கவும், கல் வைத்து உறிஞ்சவும் அழைத்துப்போய்ச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல், நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிழைத்து வீடு திரும்பியவர்களிடம் ஒரு நம்பிக்கையைக் கேட்கலாம். ஒருமுறை கடிவாங்கிப் பிழைத்தவனை இனி விஷம் ஒன்றும் செய்யாது என்பார்கள். இது உயிரைக் குடிக்கும் நம்பிக்கை. அவரைக் காப்பாற்றியது குதிரையின் எதிர்ப்பொருள். அது சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில், சிதைந்து வெளியேறிவிடும். எதிர்ப்பொருளைக் கொடுக்கலாம், அதைச் செய்யக் கற்ற கல்வியைக் கொடுக்க முடியாது. அந்தக் கல்வி குதிரையின் உடலிலேயே தங்கிவிட்டது.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், குழந்தைக்குத் தடுப்பூசி போடும் அட்டவணையில் இருந்து வெறிநாய்க்கடி ஊசிவரை பல விஷயங்கள் தாமாக விளங்கும்.

நம் எல்லோருக்கும் வாழ்க்கையில் முதலில் கிடைத்ததே இரவல் எதிர்ப்புத்தான். தாயின் ரத்தத்தில் உள்ள ஐஜிஜி என்ற வகை எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகிறது, அதிலும் கடைசி மூன்று மாதங்களில் மிகுதியாக. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு நோய் சீக்கிரம் தொற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். கர்ப்பிணிகளுக்கு ரணஜன்னித் தடுப்பூசி போடுகிறோமே, அது தாய்க்காக மட்டும் இல்லை. தொப்புள்கொடி வழியாகக் கிருமி புகுந்து, பிறந்த சில நாட்களில் வில்லாய் வளைந்து இறந்த சிசுக்கள் ஒரு காலத்தில் கிராமங்களில் கணக்கில்லாமல் இருந்தார்கள். தாய் ஊசி போட்டுக்கொண்டால் அவள் உடல் செய்யும் எதிர்ப்பொருள் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. கூடவே சுத்தமான பிரசவமும் பரவலானது. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. சீம்பாலில் ஐஜிஏ என்ற இன்னொரு வகை நிறைந்திருக்கிறது. அது குழந்தையின் குடல் சுவரில் படிந்து நின்று கிருமியைத் தடுக்கும். சீம்பால் ஆகாது என்று பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருப்பது வேதனை. பிறந்த குழந்தைக்குத் தாய் தரும் மருந்தைக் கீழே கொட்டுவது அது.

ஆனால் இரவலுக்கு ஒரு குணம் உண்டு. அது இருக்கும்வரை, உடல் தானாகக் கற்பதைத் தடுக்கும். தட்டம்மைத் தடுப்பூசியை ஏன் பிறந்த உடனே போடுவதில்லை, ஏன் ஒன்பது மாதம் காத்திருக்கிறோம் என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும்போது ஊசி போட்டால், ஊசியிலுள்ள வலுவிழந்த வைரஸை அதுவே பிடித்து அழித்துவிடும். குழந்தையின் உடல் அதைப் பார்த்துப் படிக்க வாய்ப்பே இருக்காது. அந்த இரவல் கரையும் வரை காத்திருந்து போடும் கணக்குத்தான் ஒன்பது மாதம்.

கற்பதைத் தடுக்கும் இதே குணத்தை மருத்துவர்கள் நல்ல காரியத்துக்குத் திருப்பியும் இருக்கிறார்கள். தாயின் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்தின்போது குழந்தையின் சிவப்பணுக்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடல் அதை அந்நியமென்று எண்ணி எதிர்ப்பொருள் செய்யப் படித்துக்கொள்ளும். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த கருவும் பாசிட்டிவ் ஆக இருந்தால், அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தையின் ரத்தத்தையே அழிக்கும். இதைத் தடுக்கத்தான் ஆன்டி-டி ஊசி. அதற்குள்ளே இருப்பதும் எதிர்ப்பொருள்தான், வேறு மனிதரிடமிருந்து வாங்கியது. குழந்தையின் அணுக்களைத் தாயின் உடல் கவனிக்கும் முன்பே அது துடைத்தெடுத்துவிடும். தாய் கற்றுக்கொள்வதே இல்லை.

அந்த ஊசிக்காகத் தன் பிளாஸ்மாவைக் கொடுத்தவர்களில் உலகறிந்த பெயர் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன். 14 வயதில் மார்பில் பெரிய அறுவைசிகிச்சை. பிறர் கொடுத்த ரத்தத்தால் பிழைத்தார். 18 வயதில் கொடுக்கத் தொடங்கி, 81 வயதில் வயது வரம்பு நிறுத்தும்வரை 1,173 முறை கொடுத்தார். அவர் பிளாஸ்மாவில் ஆன்டி-டி எதிர்ப்பொருள் செறிவாக இருந்தது. ஏறத்தாழ 24 லட்சம் குழந்தைகளுக்கு அது பயன்பட்டதாக ஆஸ்திரேலிய ரத்த சேவை அமைப்பு கணக்கிடுகிறது. ஊசியென்றால் அவருக்குப் பயம். குத்தும்போது ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம். 2025 பிப்ரவரியில் 88 வயதில் இறந்தார்.

எதிர்ப்பொருளே இல்லாத உடல் என்ன பாடுபடும் என்பதை 1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவக் குழந்தை மருத்துவர் எழுதினார். எட்டு வயதுச் சிறுவன். நான்கு ஆண்டுகளில் 19 முறை கடுமையான கிருமித்தொற்று. சரியாகும், திரும்ப வரும். புரூட்டன் அவன் சீரத்தை, அப்போது மருத்துவமனைகளுக்குப் புதிதாக வந்திருந்த, மின்புலத்தால் புரதங்களைப் பிரிக்கும் எலெக்ட்ரோபோரெசிஸ் கருவியில் வைத்துப் பார்த்தார். புரதங்கள் கோடுகோடாகப் பிரிந்து நின்றன. எதிர்ப்பொருள்கள் நிற்க வேண்டிய காமா குளோபுலின் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த காமா குளோபுலினை மாதம் ஒருமுறை போட்டார்கள். தொற்று வருவது நின்றது. அந்தக் குறைபாடு உள்ளவர்கள் இன்றும் வாழ்நாள் முழுவதும் இரவலிலேயே வாழ்கிறார்கள். பல வைரஸ் நோய்களை மட்டும் அவர்களும் சமாளிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டி செல்கள் என்ற வேறொரு படை அதைக் கவனிக்கிறது. எதிர்ப்பாற்றல் முழுவதும் எதிர்ப்பொருளின் கையில் இல்லை.

இனி, சொந்த எதிர்ப்பு. அது எவ்வளவு காலம் நிற்கும்?

வட அட்லாண்டிக்கில் ஃபரோ தீவுகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. 1846இல் அங்கே தட்டம்மை புகுந்தது. ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு பீட்டர் பனும் என்ற இளம் மருத்துவரை அனுப்பியது. அவருக்கு வயது 25. ஊர் ஊராகப் படகில் போய்க் கேட்டு எழுதினார். தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781இல். இடையில் 65 ஆண்டுகள் நோய் எட்டிப் பார்க்கவில்லை. 1781இல் அம்மை கண்டு பிழைத்த முதியவர்களைப் பனும் தேடிப்பிடித்து விசாரித்தார். அவர்களில் ஒருவருக்கும் இரண்டாம் முறை வரவில்லை. அன்று தப்பியிருந்த முதியவர்களையோ நோய் விடவில்லை. ஆறு வயதில் கற்றதை எழுபது வயதிலும் அந்த உடல்கள் மறக்கவில்லை. 1918ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயன்ஸாவில் பிழைத்தவர்களிடம் 90 ஆண்டு கழித்து நடத்தப்பட்டு, 2008இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொன்னது. அவர்கள் ரத்தத்தில் அந்த வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்பொருளும், அதைச் செய்யத் தெரிந்த செல்லும் உயிரோடு இருந்தன.

உடல் எப்படிக் கற்கிறது என்பது விஞ்ஞானிகளை நீண்ட நாள் திகைக்கவைத்த கேள்வி. நம்மிடம் புரதம் செய்யும் ஜீன்கள் ஏறத்தாழ 20,000தான். எதிர்ப்பொருள் வகைகளோ கோடிகோடியாக இருக்க வேண்டும். குதிரை தன் வாழ்நாளில் பார்த்தே இராத பாம்பின் விஷத்துக்குக்கூட எதிர்ப்பொருள் செய்கிறதே. ஜப்பானியரான சுசுமு டோனெகாவா, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பணியாற்றியபோது, 1976இல் விடை சொன்னார். எதிர்ப்பொருளின் ஜீன் முழுதாக இல்லை, துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு பி செல்லும், அதாவது எதிர்ப்பொருள் செய்யும் வெள்ளையணு, உருவாகும்போது அந்தத் துண்டுகளை வெட்டி ஒட்டித் தனக்கென ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது. 12 உயிரும் 18 மெய்யும் கூடி 216 உயிர்மெய் பிறப்பது போன்ற கணக்கு இது. நீளச் சங்கிலிக்கு ஏறத்தாழ 40, 23, 6 என்று மூன்று தொகுதித் துண்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்துச் சேர்த்தால் ஐந்தாயிரத்துக்கு மேல். குட்டைச் சங்கிலியிலும் சில நூறு வகை. இரண்டையும் பெருக்கினால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஒட்டுமிடங்களில் எழுத்து கூடியும் குறைந்தும் போவதால் அது மேலும் பல மடங்கு பெருகுகிறது.

அப்படியானால் கிருமி வரும் முன்பே அதற்கான எதிர்ப்பொருள் நம்மிடம் தயாராக இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெக்ஃபார்லேன் பர்னெட் 1957இல் இதை ஊகித்துச் சொன்னார். ஒரு பி செல்லுக்கு ஒரே வகை எதிர்ப்பொருள்தான். புதிதாக ஒரு கிருமி உள்ளே வரும்போது, கோடிக்கணக்கான பி செல்களில் எதன் எதிர்ப்பொருள் தற்செயலாக அதற்குப் பொருந்துகிறதோ அந்தச் செல் மட்டும் விழித்துப் பெருகுகிறது. பெருகும்போது சிறு சிறு மாற்றங்கள் நேர்கின்றன. முன்னைவிட இறுக்கமாகப் பிடிப்பவை தழைக்கின்றன, மற்றவை மடிகின்றன. முதலில் ஐஜிஎம் என்ற அவசர வகை வரும். ஓரிரு வாரத்தில் கூர்மையான ஐஜிஜி பெருகும். குதிரைக்கு ஒரே ஊசியில் முடிக்காமல் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப விஷம் கொடுப்பதன் பொருள் இங்கே விளங்கும். பெருகிய செல்களில் ஒரு பகுதி எலும்பு மஜ்ஜையில் குடியேறி எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும். இன்னொரு பகுதி நினைவுச் செல்லாகக் காத்திருக்கும். தடுப்பூசி செய்வது இவ்வளவுதான்: நோயின் ஆபத்து இல்லாமல் இந்தப் படிப்பை நடத்திக் கொடுக்கிறது.

படிக்க நாளாகும் என்பதுதான் சிக்கல். வெறிநாய் கடித்தால் இரண்டு ஊசி எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. தடுப்பூசி உடலுக்குக் கற்பிக்கும். ஆனால் போதிய எதிர்ப்பொருள் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் வைரஸ் காயத்திலிருந்து நரம்பைப் பிடித்துவிட்டால் பிழைக்க வழியில்லை. ஆகவே தோலைத் துளைத்த கடியென்றால் இம்யூனோகுளோபுலினை, அதாவது தயாராக உள்ள எதிர்ப்பொருளை, காயத்துக்குள்ளேயும் சுற்றிலும் செலுத்துகிறார்கள். இரவல் எதிர்ப்பு வாசலில் நிற்கும்; அதற்குள் சொந்த எதிர்ப்பு தயாராகும். அதை அளவுக்கு மேல் கொடுப்பதில்லை, கொடுத்தால் தடுப்பூசியின் படிப்பைக் கெடுக்கும். முன்பே முழுதாகத் தடுப்பூசி போட்டவரை நாய் கடித்தால் இரவல் தேவையே இல்லை. அவர் உடல் படித்து முடித்திருக்கிறது, நினைவூட்டினால் போதும். எல்லாவற்றுக்கும் முன்னால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்.

எதிர்ப்பொருளால் தீங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குதிரைச் சீரம் போட்ட ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி என்று சிலர் அவதிப்பட்டதை வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கேயும் பெலா ஷிக்கும் ஆராய்ந்து 1905இல் நூலாக எழுதினார்கள். குதிரைப் புரதத்தை அந்நியமென்று கண்ட உடல், அதற்கு எதிராகவே எதிர்ப்பொருள் செய்ததன் விளைவு அது. விஷமுறிவு மருந்து ஏற்றும்போது அட்ரீனலின் ஊசியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது உடனே வரக்கூடிய கடும் ஒவ்வாமைக்காக. டெங்குவில் இன்னும் விசித்திரமான ஆபத்து. அதில் நான்கு வகை வைரஸ் உண்டு. ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பொருள், பின்னால் வரும் வேறு வகையை அரைகுறையாகப் பிடித்து, அழிக்காமல், செல்லுக்குள் அழைத்துப்போய் விடக்கூடும். அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட் பாங்காக்கில் பணியாற்றியபோது, முதன்முறை டெங்கு கண்ட கைக்குழந்தைகளுக்குக்கூட நோய் கடுமையாவதைக் கவனித்தார். தாய் தந்த இரவல், காக்கப் போதாத அளவுக்குக் கரைந்து, கெடுக்கப் போதுமான அளவுக்கு மிஞ்சியிருந்ததே காரணம்.

மீண்டும் பாம்புக்கு வருவோம். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மருந்து நேரத்தில் கிடைக்காதது பெரிய காரணம். கிடைத்த மருந்து சரியாகப் பொருந்தாததும் ஒரு காரணம். நாடு முழுதுக்குமான விஷமுறிவு மருந்து மிகப் பெரும்பாலும் வடநெம்மேலி விஷத்தை நம்பியே தயாராகிறது. ஆனால் ஒரே இனப் பாம்பின் விஷம்கூட வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். ராஜஸ்தானின் சிந்து கட்டுவிரியனிடமும் வடகிழக்கின் ஒற்றைக்கண் நாகத்திடமும் இந்த மருந்து வலுவிழப்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். கேரளத்திலும் இலங்கையிலும் மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த குழிவிரியன் ஒன்று கடிக்கிறது. அதன் விஷத்தைக் குதிரைக்குக் கொடுக்காத காரணத்தால், இந்திய மருந்து அந்தக் கடிக்கு உதவுவதில்லை. வித்தால் பிரசீல் கண்ட உண்மை ஒரு நூற்றாண்டு கழித்தும் உயிர் கேட்கிறது.

குதிரையே வேண்டாம் என்ற திசையிலும் வேலை நடக்கிறது. பெங்களூருக் குழுவும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, நாகம், கட்டுவிரியன் குடும்பத்து நரம்பு நச்சுகளில் ஒரு பெரும் பிரிவைப் பிடிக்கும் மனித எதிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியதாக 2024இல் அறிவித்தார்கள். 2025இல் வந்த செய்தி வியப்பானது. டிம் ஃப்ரீட் என்ற அமெரிக்கர் ஏறத்தாழ 18 ஆண்டுகள் தன் உடலில் பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியும், பாம்புகளிடம் கடிவாங்கியும் வந்தவர். 2001இல் இரண்டு நாகங்கள் கடித்துக் கோமாவில் கிடந்திருக்கிறார். யாரும் செய்யக்கூடாத காரியம். ஆனால் குதிரை கற்ற பாடத்தை ஒரு மனித உடலும் கற்றிருந்தது. அவர் ரத்தத்திலிருந்து கிடைத்த இரண்டு எதிர்ப்பொருள்களையும் வாரெஸ்பிளாடிப் என்ற மருந்தையும் கலந்து கொடுத்தபோது, நாகக் குடும்பத்தைச் சேர்ந்த 19 வகைப் பாம்புகளில் 13 வகையின் விஷத்திலிருந்து எலிகள் முழுமையாகத் தப்பின. விரியன்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியாவில் அதிகம் கொல்லும் கண்ணாடி விரியனுக்கு இன்றும் குதிரைதான் கதி.

விஷம் எடுக்கும் கலையைக் காத்துவந்தவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தாமதமாக வந்த மரியாதை. 2024இல் மத்திய அரசு, பாம்புக்கடிச் சாவை 2030க்குள் பாதியாகக் குறைக்கும் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எந்த மருத்துவமனைக்கு வந்த கடியும் இனிப் பதிவாக வேண்டும். எந்த வட்டாரத்தில் எந்தப் பாம்பு கடிக்கிறது, எங்கே பத்துக் குப்பி போதவில்லை என்ற கணக்கு கைக்கு வந்தால்தான், எந்த வட்டாரத்து விஷத்தைக் குதிரைக்குக் கொடுக்க வேண்டும், எந்த சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி வைக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.